சிபியின் தராசில் பருந்தின் பங்கு

உயிர்களிடத்து அன்பு காட்டுதல் அறம் என்பதில் இந்தியச் சமயங்களுக்குள் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. எந்த உயிரிடம், எந்த அளவுக்கு, யாருடைய செலவில் என்ற கேள்விகள் எழும்போதுதான் அவை வழி பிரிகின்றன. வீட்டில் வளரும் மாட்டையும் நாயையும் பொறுத்தவரை இக்கேள்விகள் அவ்வளவாகத் தொல்லை தருவதில்லை, ஏனெனில் அவற்றின் உணவும் உறைவிடமும் நோயும் ஏற்கெனவே மனிதனின் பொறுப்பில் வந்துவிட்டவை. காட்டு விலங்கோ மனிதனிடம் எதையும் கேட்டு வருவதில்லை. அது பிற உயிரைத் தின்றோ பிறர் பயிரை மேய்ந்தோ வாழ்கிறது. தன்னைக் காப்பாற்ற வந்தவனையே கொல்லவும் கூடும். காயம்பட்ட காட்டு விலங்கை எடுத்து மருத்துவம் பார்ப்பதும், ஊரையொட்டித் திரியும் யானைக்கும் சிறுத்தைக்கும் அங்கே வாழும் மக்களுக்கும் இடையே உயிரிழப்பு நேராதபடி ஏற்பாடு செய்வதும் இன்று வனத்துறையின் அன்றாட வேலையாகவும் தன்னார்வ அமைப்புகளின் தொண்டாகவும் நடந்து வருகின்றன. அந்த வேலையின் அடியில் கிடக்கும் அறக்கேள்வி மிகப் பழையது. இந்திய மரபு அதை ஒரு பருந்தின் வாயில் வைத்துச் சொல்லியிருக்கிறது.

பருந்துக்கு அஞ்சித் தன்னிடம் அடைக்கலம் புகுந்த புறாவைக் காக்க, அதன் எடைக்கு எடை தன் தசையை அறுத்துத் தராசிலிட்ட அரசனின் கதை மகாபாரத வனபருவத்தில் ஓரிடத்தில் உசீநரன்மீதும் மற்றோரிடத்தில் அவன் மகன் சிபிமீதும் ஏற்றிச் சொல்லப்படுகிறது. அஜந்தாவின் முதலாம் குகையில் ஓவியமாகத் தீட்டப்பட்டிருக்கிறது. சோழர் சிபியைத் தம் முன்னோனாகக் கொண்டதால் புறநானூற்றுப் பாடல்கள் சிலவற்றிலும், பாண்டியன் அவையில் கண்ணகி தன் ஊரின் பெருமையைக் கூறும் இடத்திலும் இடம்பெறுகிறது. தமிழ் மரபில் இக்கதை அடைக்கலம் வந்தவரைக் கைவிடாத அரச நீதிக்குச் சான்றாகவே பெரும்பாலும் எடுத்தாளப்படுவதால், அதில் பருந்து பேசுவது யார் நினைவிலும் நிற்பதில்லை. வனபருவத்திலோ பருந்து நெடுநேரம் வாதாடுகிறது. புறா தனக்கென விதிக்கப்பட்ட உணவு என்றும், அது மறுக்கப்பட்டால் தானும் தன்னை நம்பியிருக்கும் பெடையும் குஞ்சுகளும் மடிய நேரும் என்றும், ஓர் உயிரைக் காப்பதற்காகப் பல உயிர்களைப் பட்டினி போடுவது எந்த வகையில் அறம் என்றும் அது கேட்கிறது. மற்றோர் அறத்தை முறித்துக்கொண்டு நிற்கும் அறத்தை அறமென்றே கொள்ள முடியாது என்றும் சொல்கிறது. அரசன் இந்த வாதத்தை மறுக்கவில்லை. மறுக்க முடியாததால்தான் அவன் முதலில் எருது, பன்றி, மான் என்று வேறு விலங்குகளின் இறைச்சியைத் தருவதாகப் பேரம் பேசிப் பார்க்கிறான். அதாவது, தன் கருணைக்கான விலையை அந்த இடத்திலேயே இல்லாத மூன்றாவது உயிர் ஒன்றின் தலையில் கட்டப் பார்க்கிறான். பருந்து அதை ஏற்காதபோதுதான் கத்தி அவன் தொடைக்கு வருகிறது.

இக்கதை இரண்டு நிபந்தனைகளை விதிக்கிறது எனலாம். கொன்று தின்னும் உயிரின் பசியும் ஓர் உரிமையே என்பது முதலாவது. அருள் செய்பவன் அதன் செலவைத் தானே ஏற்க வேண்டும் என்பது இரண்டாவது. ஆரியசூரரின் ஜாதகமாலையில் முதற்கதையாக வைக்கப்பட்டிருக்கும் பெண்புலியின் கதை முதல் நிபந்தனையை இன்னும் ஒரு படி முன்னே கொண்டுசெல்கிறது: பசிக் கொடுமையால் தன் குட்டிகளையே தின்ன முற்பட்ட புலிக்குப் போதிசத்துவர் தம் உடலை இரையாக்குகிறார். அங்கே காப்பாற்றப்படும் உயிரே கொல்லும் உயிர்தான். புலிக்குப் புலால் ஊட்டுவது பாவமா என்ற கேள்விக்கு அக்கதையில் இடமே இல்லை.

அந்தக் கேள்வியை மிகக் கடுமையாக எழுப்பியவர்கள் சமணர்களே. சுவேதாம்பரச் சமணத்தின் ஒரு கிளையான தேராபந்த்தை 1760இல் ராஜஸ்தானில் தோற்றுவித்த ஆசாரிய பிட்சு, உலகியல் தயை என்றும் ஆன்ம விடுதலைக்கு ஏதுவான தயை என்றும் இரண்டாகப் பிரித்தார். ஓர் உயிரை மற்றோர் உயிரின் பிடியிலிருந்து வலிந்து மீட்பது முதல் வகையைச் சேர்ந்த நற்செயலாக இருக்கலாமேயன்றி, துறவிக்குரிய அறமாகாது என்பது அவர் கொள்கை. ஒருவன் தான் கொல்லாதிருப்பதும் கொல்பவனின் மனத்தை மாற்ற முயல்வதும் மட்டுமே இரண்டாம் வகையைச் சேரும். இக்கொள்கை பிற சமணப் பிரிவினரின் கடுங்கண்டனத்துக்கு உள்ளானது. விலங்குகளுக்குப் பிஞ்சராப்போல் எனப்படும் காப்பகங்களைக் கட்டிப் புண்ணியம் தேடிய குஜராத் வணிகச் சமூகங்களுக்கு அது இரக்கமற்ற வாதமாகவே பட்டிருக்கும். ஆயினும், இயற்கையின் உணவு வரிசைக்குள் நுழைந்து அங்கே மனிதன் தீர்ப்பு வழங்கத் தகுதியுடையவனா என்ற ஐயத்தை இவ்வளவு வெளிப்படையாகச் சொன்ன சமயவாதிகள் குறைவு. தமிழ்நாட்டில் வள்ளலார் எதிர்த்திசையிலிருந்து வந்து ஏறத்தாழ இதே முடிச்சைத் தொடுகிறார். பசி தீர்த்தலே சீவகாருண்யத்தின் தலையாய பகுதி என்று வகுத்து 1867இல் வடலூரில் தருமசாலையைத் திறந்த அவர், ஓர் உயிரைக் கொன்று மற்றோர் உயிரின் பசியை ஆற்றுவதைச் சீவகாருண்யமாக ஏற்கவில்லை. பசியுற்ற மனிதனைப் பொறுத்தவரை இந்த நிலைப்பாட்டில் சிக்கல் எதுவும் இல்லை. இறக்கை முறிந்த பருந்தைக் கையில் வைத்திருப்பவனுக்கு மட்டும் இது உதவாது.

டெல்லியில் இந்தச் சிக்கல் நூலை விட்டுத் தெருவுக்கே வந்துவிட்டது. செங்கோட்டைக்கு எதிரே திகம்பரச் சமணரின் லால் மந்திர் வளாகத்தில் இயங்கிவரும், 1929இல் தொடங்கப்பட்ட அறநிலையப் பறவை மருத்துவமனை, அடிபட்ட புறாக்களையும் கிளிகளையும் கட்டணமின்றி ஏற்று மருத்துவம் செய்கிறது. குணமான பறவையைக் கொண்டுவந்தவரிடம் திருப்பித் தராமல் வானில் பறக்கவிடுவது அதன் வழக்கம். தானியம் தின்னும் பறவைகள் அங்கே உள்நோயாளிகளாக இருக்கின்றன. ஊன் உண்ணும் பறவைகளைப் புறநோயாளிகளாக மட்டும் பார்த்து மருந்திட்டு அனுப்பும் நடைமுறை நெடுங்காலமாக இருந்து வந்திருக்கிறது. சமண நோக்கில் இந்நடைமுறை முரணற்றது, ஏனெனில் பருந்தை உள்ளே வைத்தால் அதற்கு இறைச்சி தர வேண்டும், அதன் இரைகளான பறவைகளோடு ஒரே கூரையின்கீழ் வைக்கவும் வேண்டும். ஆனால் கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சா நூல் பட்டு வாரங்கணக்கில் கட்டுப்போட்டுக் கிடக்க வேண்டிய பறவைக்குப் புறநோயாளிச் சீட்டால் பயன் இல்லை. நகரத்தின் குப்பைமேடுகளை நம்பி ஏராளமாக வாழும் கள்ளப்பருந்துகள்தாம் பட்டம் விடும் காலத்தில், குறிப்பாக ஆகஸ்டு 15ஐ ஒட்டிய நாட்களில், அதிகமாக அடிபடுகின்றன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் இவ்வகை நூலைத் தடை செய்த பின்னும் அது விற்கப்படாமல் போய்விடவில்லை.

பழைய டெல்லியைச் சேர்ந்த நதீம் ஷெஹ்சாத், முகமது சவூத் என்னும் சகோதரர்கள் இந்த இடைவெளியில்தான் தம் தொண்டைத் தொடங்கினர். ஊன் உண்ணும் பறவை என்பதால் வேறெங்கும் ஏற்கப்படாத பருந்தைத் தாமே எடுத்துப் பேணத் தொடங்கிய அவர்கள், பின்னர் வசீராபாத்தில் வைல்டுலைஃப் ரெஸ்க்யூ என்ற அமைப்பை நிறுவினர். 2022இல் வெளிவந்த ஷௌனக் சென்னின் ‘ஆல் தட் பிரீத்ஸ்’ ஆவணப்படம் அவர்களைப் பற்றியதே. பருந்துக்கு இறைச்சி வீசுவதைப் புண்ணியம் தரும் தானமாகக் கருதும் வழக்கம் பழைய டெல்லி முஸ்லிம்களிடம் உண்டு என்பதும், தாகத்தால் தவித்த நாய்க்கு நீர் கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்டதாகக் கூறும் நபிமொழி அவர்களிடம் நன்கு அறியப்பட்டது என்பதும் இங்கே கருதத்தக்கவை. ஒரு சமயம் தன் தூய்மையின் காரணமாக நின்றுவிட்ட இடத்திலிருந்து மற்றொரு சமயத்தின் வழக்கம் தொடர்ந்து நடந்தது எனலாம். இதைச் சமணத்தின் தோல்வியாகக் காட்டுவது நியாயமாகாது. புறாவுக்காக அந்த மருத்துவமனை செய்ததை வேறு யார் செய்தார்கள்? ஆயினும் சிபியின் முதல் நிபந்தனையை வைத்துப் பார்த்தால், பருந்தின் பசியைப் பருந்தின் இயல்பாகவே ஏற்று அதற்கு உணவளித்தவர்கள் அந்தச் சகோதரர்களே என்றுதான் சொல்ல வேண்டும்.

இயல்பை ஏற்றல் என்பது உணவோடு முடிவதில்லை. காட்டு விலங்கு மீட்பின் நோக்கம் விலங்கைக் காட்டு விலங்காகவே திருப்பி அனுப்புவது என்பது இத்துறையின் அடிப்படை விதி. மனிதன் அன்பைக் காட்டக் காட்ட விலங்கு மனிதனுக்குப் பழகிப்போகிறது, பழகிய விலங்கு காட்டில் பிழைப்பதில்லை. மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் பகுதியில் கரும்பு வெட்டும்போது சிறுத்தைக் குட்டிகள் கிடைப்பது வழக்கமான செய்தி. தாய் இரைதேடிப் போயிருக்கையில் கிடைத்த குட்டியை அநாதை என்று எண்ணி எடுத்துப் போவதே இயல்பான இரக்கம். அங்குள்ள மாணிக்டோ மீட்பு மையத்தின் மருத்துவர்களோ குட்டியைப் பரிசோதித்துவிட்டு, கண்டெடுத்த அதே வயலில் இரவில் ஒரு பெட்டிக்குள் வைத்து, தாய் வந்து கவ்விச் செல்லும்வரை தொலைவில் காத்திருக்கிறார்கள். ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் 2023 டிசம்பரில் கூட்டத்தைப் பிரிந்த யானைக்குட்டியை வனத்துறையினர் தாயிடம் கொண்டுசேர்த்ததும் இவ்வகைப்பட்டதே. இத்தகைய வேலையில் கருணையின் பெரும்பகுதி கையைக் கட்டிக்கொண்டிருப்பதில் செலவாகிறது. ஆசாரிய பிட்சுவின் ஐயத்துக்கு இங்கே ஒரு பயன் கிடைக்கிறது என்றுகூடச் சொல்லலாம்.

இடமாற்றம் என்ற தீர்வு தவறிப்போவதும் விலங்கின் இயல்பை ஏற்காததால்தான். ஊருக்குள் வரும் விலங்கைப் பிடித்துத் தொலைதூரக் காட்டில் விட்டுவிட்டால் கொல்லாமலும் ஆயிற்று, ஊரையும் காத்தாயிற்று என்று தோன்றும். கோவைத் தடாகம் பகுதியில் 2019 ஜனவரியில் பிடிக்கப்பட்டு டாப்சிலிப் பகுதியில் விடப்பட்ட சின்னத்தம்பி என்ற யானை நூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்து உடுமலைப் பகுதியின் கரும்புக் காட்டுக்கு வந்துசேர்ந்தது. இறுதியில் நீதிமன்ற ஆணையின்படி மீண்டும் பிடிக்கப்பட்டு வரகளியாறு முகாமில் ‘கரால்’ எனப்படும் மரக்கூண்டுக்குள் அடைக்கப்பட்டது. சின்னக்கானலில் பிடிக்கப்பட்டுப் பெரியாறு காப்பகத்தில் விடப்பட்ட அரிக்கொம்பன் 2023 மே மாதம் கம்பம் நகருக்குள் நுழைந்ததும், பின்னர் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுசெல்லப்பட்டதும் பரவலாக அறியப்பட்டவை. ஜுன்னரில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சிறுத்தைகளைப் பிடித்து வேறிடத்தில் விட்டபோது மனிதர்மீதான தாக்குதல்கள் கூடின என்பதை ஆய்வாளர் வித்யா ஆத்ரேயாவும் அவருடன் பணியாற்றியவர்களும் 2011இல் எழுதிய கட்டுரையில் காட்டினர். விலங்குக்கு ஊர் உண்டு, வழி உண்டு, அறிந்த நீர்நிலை உண்டு. வரைபடத்தில் பச்சையாகத் தெரியும் எந்த இடமும் அதற்குக் காடு என்று கொள்வது மனிதனின் சோம்பல்.

சூ டொனால்ட்சன், வில் கிம்லிக்கா என்னும் கனடிய அறிஞர்கள் 2011இல் வெளியிட்ட ‘ஜூபோலிஸ்’ நூலில், வளர்ப்பு விலங்குகளை உடன்வாழும் குடிமக்களாகவும் காட்டு விலங்குகளைத் தமக்கென நிலமுடைய இறையாண்மைச் சமூகங்களாகவும் கருத வேண்டும் என்று வாதிட்டனர். புறாவையும் நகரப் பருந்தையும் போல மனிதரிடையே தாமாக வந்து வாழ்பவற்றுக்கு அவர்கள் இரண்டுக்கும் இடைப்பட்ட மூன்றாவது தகுதி ஒன்றையும் வகுத்தனர். எடுப்பான வகைப்பாடுதான்; ஆனால் எல்லைக்கோடு தெளிவாக இருக்கும் நாட்டில் எழுந்த சிந்தனை என்பது அதைப் படிக்கும் இந்தியருக்குத் தெரியாமல் போகாது. கரும்புத் தோட்டத்தில் பிறந்து கரும்புத் தோட்டத்திலேயே குட்டி போடும் சிறுத்தையை எந்த நாட்டின் குடி என்பது? தேயிலைக்கும் காட்டுத் துண்டுகளுக்கும் இடையே பகலையும் இரவையும் பகிர்ந்துகொள்ளும் யானைக்கு எந்த எல்லையில் கடவுச்சீட்டு கேட்பது? இங்கே இடத்தைப் பிரிக்க முடியவில்லை. நேரத்தையும் வழியையும்தான் பிரித்துக்கொள்ள முடிகிறது.

கொல்லாமை என்ற விரதத்தை அரசு மேற்கொள்ளும்போது மற்றொரு வகைச் சிக்கல் எழுகிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், மனித உயிருக்கு ஆபத்தாகிவிட்ட விலங்கைப் பிடிக்கவோ மயக்கவோ இடம் மாற்றவோ இயலாதென்று தலைமை வன உயிரினக் காப்பாளர் முடிவு செய்தாலன்றிச் சுட அனுமதிப்பதில்லை. கூடலூர், மசினகுடிப் பகுதிகளில் நான்கு பேரைக் கொன்றதாகக் கருதப்பட்ட டி23 என்ற புலியை வேட்டையாட 2021 அக்டோபரில் ஆணை பிறப்பிக்கப்பட்டது; உடனே கொல்ல வேண்டாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் கூறியது; மூன்று வாரத் தேடலுக்குப் பின் காயங்களோடு உயிருடன் பிடிபட்ட அது மைசூரு மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பப்பட்டது. காட்டில் பல சதுர கிலோமீட்டரை ஆண்ட விலங்குக்குக் கம்பிகளுக்குப் பின்னே கழியும் ஆயுள், சாவைவிட மேலானதா? புலிக்கு மேலானதா என்பதை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. கொல்லாதவர்களின் மனத்துக்கு அது மேலானது என்பது மட்டும் உறுதி. அந்த ஆறுதலைப் புலிக்குச் செய்த அருள் என்று எண்ணிக்கொள்வதில் ஒரு சிறு தன்னேமாற்று இருக்கவே செய்கிறது.

சிபிக்கதையின் இரண்டாம் நிபந்தனை இன்னும் கடினமானது. இந்திய அரசமைப்பில் 1976ஆம் ஆண்டின் 42ஆம் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 51ஏ(ஜி) பிரிவு, உயிரினங்களிடம் கருணை கொள்வதை ஒவ்வொரு குடிமகனின் கடமையாக்கியது. கடமை எல்லோருக்கும் பொது, செலவு அப்படியில்லை. வால்பாறையில் 1890களிலிருந்து காட்டை அழித்துக் காப்பியும் பின்னர் தேயிலையும் பயிரிட்டவர்கள் தோட்ட முதலாளிகள்; அங்கே கூலிக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் சமவெளியின் வறியவர்கள். யானை வந்தால் இடிபடுவது தொழிலாளரின் லைன் வீடும், அரிசி வைத்திருக்கும் ரேஷன் கடையும், பள்ளியின் சத்துணவுக் கூடமும். 2025இல் அங்கே சிறுத்தையிடம் தன் பெண்குழந்தையை இழந்த குடும்பம் ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வந்தது. யானையின் படத்தைப் பகிர்ந்து உருகும் நகரவாசி, மகாபாரத அரசன் முதலில் பேசிய பேரத்தையே தன்னை அறியாமல் பேசுகிறான்: புறா பிழைக்கட்டும், தசை வேறொருவனுடையதாக இருக்கட்டும்.

சுந்தரவனத்தின் அனுபவம் இதில் ஓர் எச்சரிக்கை. அங்கே தேனெடுக்கவும் மீன்பிடிக்கவும் நண்டு பிடிக்கவும் காட்டுக்குள் செல்லும் இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருங்கே வணங்கும் பொன்பீபி, புலியுருக் கொள்ளும் தக்கிண ராயனின் பேராசையை அடக்கியவள். மனிதனுக்கும் அவள் அதே நிபந்தனையை விதித்தாள். தேவைக்கு மேல் எடுக்காமலும் பேராசையில்லாத மனத்தோடும் காட்டுக்குள் வருபவனை மட்டுமே அவள் காப்பாள் என்பது நம்பிக்கை. புலியையும் வறியவனையும் ஒரே தாயின் பிள்ளைகளாக்கும் இந்த ஏற்பாட்டை, மரிச்ஜாப்பித் தீவில் குடியேறிய அகதிகளைக் காப்புக்காட்டின் பெயரால் 1979இல் அரசு வன்முறையோடு வெளியேற்றிய நிகழ்வு குலைத்துவிட்டதாக அத்தீவு மக்கள் கருதுவதை மானிடவியலாளர் அன்னு ஜலைஸ் பதிவு செய்திருக்கிறார். அரசின் கண்ணில் தாங்கள் புலிக்குக் கீழானவர்கள், புலிக்கு உணவாவதற்கே உரியவர்கள் என்ற கசப்பு அவர்களிடம் தங்கிவிட்டது. ஏழையின் தசையை அறுத்துக் காக்கப்படும் விலங்கை ஏழை வெறுக்கத் தொடங்குவான். அவ்வெறுப்பு பிறகு மின்வேலியாகவும் நஞ்சிட்ட இறைச்சியாகவும் வெடிமருந்து வைத்த அவுட்டுக்காயாகவும் காட்டுக்கே திரும்பும்.

வால்பாறையில் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற ஆய்வு அமைப்பும் வனத்துறையும் சேர்ந்து செய்தது இதற்கு மாறான வழி. அங்கே யானையால் இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் யானை அருகில் நிற்பதை அறியாமல் இருட்டில் அதன் முன் போய் நின்றவர்கள் என்பதை ஆய்வாளர் ஆனந்தகுமாரும் அவர் குழுவினரும் பல ஆண்டுகள் பதிவு செய்து கண்டனர். அப்படியானால் யானையையும் விரட்ட வேண்டாம், மனிதனையும் விரட்ட வேண்டாம். அது எங்கே இருக்கிறது என்பதைச் சொன்னால் போதும். உள்ளூர் கேபிள் தொலைக்காட்சியில் ஓடும் வரிகளாகவும், கைபேசிக் குறுஞ்செய்தியாகவும், எழுதப் படிக்கத் தெரியாதவருக்குக் குரல் அழைப்பாகவும், முக்கிய இடங்களில் கைபேசி வழியே இயக்கப்படும் சிவப்பு விளக்குகளாகவும் அந்தச் செய்தி மாலைதோறும் போய்ச் சேர்ந்தது. உயிரிழப்புகள் வெகுவாகக் குறைந்தன. 2015இல் ஆனந்தகுமாருக்கு விட்லி விருது கிடைத்தது. விளக்கை எரியவிடுபவர்கள் அங்கேயே வாழ்பவர்கள் என்பது விருதைவிட முக்கியமான செய்தி. சமய நூல்கள் பேசும் கருணை பெரும்பாலும் கொடுப்பதாகவோ தவிர்ப்பதாகவோ இருக்கிறது. அண்டை வீட்டானுக்கு நேரத்தில் ஒரு சொல் சொல்லிவைப்பதை அறப்பட்டியலில் யாரும் தனியாகச் சேர்த்ததில்லை. சேர்த்திருக்க வேண்டும்.

இருப்பினும் விளக்கு பாதி வேலைதான் செய்கிறது, ஏனெனில் சிறுத்தை விளக்குக்கு அகப்படாது; கழிப்பறை வெளியே இருக்கும் வீட்டில் வாழ்பவர் இருட்டில் வெளியே வந்துதான் ஆக வேண்டும்; தேயிலைப் புதர் வாசற்படி வரை வளர்ந்திருக்கும் இடத்தில் குழந்தை வாசலில் விளையாடுவதையும் தடுக்க முடியாது. உயிரிழப்புக்கான தொகையை ஒன்றிய அரசு 2023 இறுதியில் 10 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. அது இறந்தபின் தரப்படும் தொகை. இறப்பதற்கு முன் செய்யவேண்டியவற்றுக்கான பணம் தோட்ட நிறுவனங்களிடமிருந்தும், தேநீர் குடிப்பவர்களின் வரியிலிருந்தும் வர வேண்டும். சிபியின் இடத்தில் நிற்க வேண்டியவர்கள் அவர்களே. யானையைப் பிடிக்காதே, புலியைச் சுடாதே என்று மனுவில் கையெழுத்திடும் அன்பர்கள், அதே மனுவின் அடுத்த வரியாக லைன் வீடுகளுக்கு உட்கழிப்பறையும் தெருவிளக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாகனமும் கேட்டு எழுதிவிட்டுக் கையெழுத்திட வேண்டும்.